பல் இல்லாத தண்டவாளம்

ஆல்ப்ஸ் மலைக்குப் போய், பனிப்பாறையைக் கண்டுகொள்ளாமல் தண்டவாளத்தைப் படமெடுத்தவள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எல்லாம் அப்பாவால் வந்தது.

அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவர் உலகம் மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் தொடங்கிக் குன்னூரில் முடிந்துவிடும். ஊட்டி வரை தண்டவாளம் போகிறது என்பதையே வேண்டாவெறுப்பாகத்தான் ஒப்புக்கொள்வார். "குன்னூருக்கு மேல பல்லே கிடையாது கண்ணு, அப்புறம் அதென்ன மலை ரயிலு?" கல்லாறிலிருந்து குன்னூர் வரை, எஞ்சினின் பல்சக்கரம் கவ்வி ஏறுவதற்காக இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் ஓடும் அந்தப் பல்தண்டவாளம்தான் அவருக்கு மனித குலத்தின் உச்சம். எங்கள் வீட்டில் பூஜை அறைக்கு அடுத்தபடி பயபக்தியோடு பேசப்படும் விஷயம் அது.

நான் தனியாக ஐரோப்பா போகிறேன் என்றதும் அம்மா கேட்டது, "சோத்துக்கு என்ன பண்ணுவே?" பெரியம்மா கேட்டது, "தனியாவா?" (இந்தக் கேள்வியை அவர் ஒன்பது விதமான ராகத்தில் கேட்பார்.) அப்பா மட்டும் வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு, "பெர்னினா லைன்ல போறியா?" என்றார். அப்போதே நான் உஷாராகியிருக்கலாம்.

விவகாரம் இதுதான். அப்பாவுக்கும் லோகோ ஷெட் மாமாவுக்கும் டீக்கடையில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸிலிருந்து இத்தாலியின் திரானோவுக்குப் போகும் பெர்னினா ரயில் 2,253 மீட்டர் உயரம் வரை ஏறி 429 மீட்டருக்கு இறங்குகிறது. 1910-இல் முழுசாகத் திறந்த பாதை. அத்தனைக்கும் பல்லே கிடையாது என்கிறார் அப்பா. மாமா விடுவாரா? "நமக்கு 12 அடி போனா 1 அடி ஏத்தம், பல்லு வேணும். அவனுக்கு 14-க்கு 1, பல்லு வேண்டாமா? வழுக்கிட்டு வந்து இத்தாலியில விழுந்துரும்." நமக்கு நீராவி, அவனுக்கு ஆரம்பத்திலிருந்தே மின்சாரம், அச்சுக்கு அச்சு மோட்டார், தண்டவாளத்தைக் கவ்வும் காந்த பிரேக் என்று அப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டார். மாமாவின் கடைசி அஸ்திரம் ஒன்று உண்டு: "நம்ம ஊர் எஞ்சினைச் செஞ்சு குடுத்ததே சுவிட்சர்லாந்து வின்டர்தூர்க்காரன். பல்லோட அருமை தெரிஞ்சவன் தன் ஊர்ல மட்டும் வெக்காம இருப்பானா?"

பந்தயம் ஒரு மாசத்து டீ, வடையோடு. சாட்சி நான்.

கண்ணாடிக் கூரை போட்ட சுற்றுலா வண்டிக்கு இருக்கை பதிவுக்கென்று தனியாகக் காசு கேட்டார்கள். அதே தண்டவாளத்தில் உள்ளூர்க்காரர்கள் போகும் சாதாரண வண்டியும் ஓடுகிறது, அதற்குப் பதிவு வேண்டாம். பழைய பெட்டி கிடைத்தால் ஜன்னலை இறக்கித் தலையை நீட்டலாம். கிடைத்தது. நீட்டினேன். லாகோ பியாங்கோ ஏரி பால் கலந்த பச்சையில் கிடந்தது. இந்தப் பக்கம் விழுந்த மழை டான்யூப் வழியாகக் கருங்கடலுக்கும், அந்தப் பக்கம் விழுந்தது போ நதி வழியாக ஏட்ரியாட்டிக்குக்கும் போகுமாம். அதை மனசில் வாங்கி ஆச்சரியப்படத் தொடங்கும்போது போன் அதிர்ந்தது. "கண்ணு, நடுவுல பாத்தியா?"

ஆல்ப் க்ரூமில் எதிர்வண்டிக்காக நின்றது. சாலையே இல்லாத ஸ்டேஷன். ரயிலில் வரலாம், அல்லது நடந்து வரலாம். எதிரே பாலூ பனிப்பாறை. வண்டியில் இருந்த எல்லோரும் இறங்கி அந்தப் பக்கம் ஓடினார்கள். தனியாகப் போகிறவளுக்கு ஒரு சாபம் உண்டு: கை காலியாக இருக்கும் ஒரே ஆள் நாம்தான் என்பதால் குடும்பம் குடும்பமாக வந்து போனை நீட்டுவார்கள். மூன்று குடும்பங்களைப் பனிப்பாறையோடு சேர்த்துவைத்துவிட்டு, நேரமாகிறதே என்று நடைமேடை ஓரத்துக்கு ஓடிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, காலியாக இருந்த தண்டவாளத்தின் நடுவில் போனைக் காட்டினேன். சரியாக வரவில்லை. இன்னும் குனிந்தேன்.

தலைக்கு மேல் ஒரு பாட்டியின் குரல். இத்தாலியன். எனக்குப் புரியவில்லை. அவர் என் விரலைப் பார்த்தார். மோதிரம் இல்லை. தண்டவாளத்தைப் பார்த்தார். மறுபடி விரலைப் பார்த்தார். முகம் அப்படியே உருகிவிட்டது.

அதற்கப்புறம் நடந்ததை என்னால் நிறுத்த முடியவில்லை. பாட்டி ஒரு கனவானிடம் சொன்னார், கனவான் மனைவியிடம் சொன்னார், நான் படமெடுத்துக் கொடுத்த மூன்று குடும்பங்களும் நன்றிக்கடனாகக் குனிந்துவிட்டன. ஒருவர் போன் விளக்கைப் போட்டார், பட்டப்பகலில். "இல்லைங்க, பல்லு இருக்கான்னு பார்க்கிறேன், மேட்டுப்பாளையத்துல ஒரு டீக்கடை" என்று எந்த மொழியில் சொல்லிப் புரியவைப்பது? ஒரு சின்னப் பையன் சட்டைப் பொத்தான் ஒன்றைக் கண்டெடுத்து, ஒலிம்பிக் பதக்கம்போல் என் உள்ளங்கையில் வைத்தான். எல்லோரும் ஆவலாக என் முகத்தைப் பார்த்தார்கள். தலையாட்டினேன். "ச்சோ" என்பதற்கு அங்கேயும் "ச்சோ"தான் போலிருக்கிறது.

பாட்டி வண்டியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். அங்கிருந்து பொஸ்கியாவோ வரை வண்டி ஆயிரம் மீட்டருக்குமேல் இறங்குகிறது. வளைந்து வளைந்து, சற்று முன் பார்த்த ஸ்டேஷன் தலைக்கு மேல் போய், ஊசியிலைக் காட்டுக்கு நடுவே கவாலியா சமவெளி வரும். இதற்காகத்தான் நான் ஒரு வருஷம் காசு சேர்த்தேன். ஆனால் பாட்டி என் கையைப் பிடித்துத் தடவிக்கொண்டே வருகிறார், சாக்லேட்டை உடைத்து ஊட்டாத குறை. இந்த நிலைமையில் "ஐ, அருவி!" என்று துள்ள முடியுமா? தாலியைத் தொலைத்தவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஆல்ப்ஸைக் கடைக்கண்ணால் பார்த்தேன். பாட்டி பொஸ்கியாவோவில் இறங்கும்போது கன்னத்தில் முத்தம் வேறு.

அதனால் ப்ரூசியோ எனக்கு முழுசாகக் கிடைத்தது. வண்டி ஒன்பது வளைவுப் பாலத்தில் ஒரு முழு வட்டம் அடித்துத் தன் காலடியிலேயே நுழைந்து வெளியே வருகிறது. திரானோவில் இன்னும் வேடிக்கை. மாதா கோயில் சதுக்கத்தில் காரெல்லாம் ஒதுங்கி நிற்க, நெல்லையப்பர் தேர் ரத வீதியில் வருகிற மாதிரி நடுத்தெருவில் ரயில் வருகிறது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

படத்தை அனுப்பினேன். இரண்டு தண்டவாளம், நடுவில் கருங்கல் ஜல்லி. அப்பா பெரிதாக்கிப் பார்த்திருப்பார். ஐந்து நிமிஷம் சத்தமில்லை. பிறகு, "பல்லு இல்ல!" என்று குரல் செய்தி. பின்னணியில் அம்மா: "அந்தப் புள்ள மூஞ்சி இருக்கிற மாதிரி ஒண்ணுகூட இல்லையா? ஓரத்துல ஏதோ வெள்ளையா தெரியுதே, அது என்ன?"

பனிப்பாறைம்மா அது.

இங்கே கோதுமை மாதிரி ஒன்றில் செய்த பழுப்பு நிறப் பட்டைகளை முட்டைகோஸ், உருளைக்கிழங்கு, சீஸோடு வதக்கிப் பிட்சோக்கெரி என்று தருகிறார்கள். சுமார்தான், ஆனால் பசிக்கு நன்றாக இருந்தது. பாதி சாப்பிட்டபோது அப்பா கூப்பிட்டார். குரலில் சுரத்தில்லை.

"கண்ணு, மாமா ஒத்துக்க மாட்டேங்குறாரு. ஸ்டேஷன் சமதளமாம். சமதளத்துல எவன் பல்லு வெப்பான், ஏத்தத்துல எடுத்தாத்தான் கணக்குங்கிறாரு." கொஞ்சம் நிறுத்தி, "வேண்டாம், விடு. நீ மிலான் போற வேலையப் பாரு. டீதானே, வாங்கிக் குடுத்துட்டுப் போறேன்."

அந்த "விடு" இருக்கிறதே, அது அப்பாவின் பிரம்மாஸ்திரம். என் ரயில் பாஸ் நாளைக்கும் செல்லும். காலை வண்டியில் கடைசிப் பெட்டியின் பின்பக்கம் நின்றால் ஏற்றத்தில் தண்டவாளம் நன்றாகத் தெரியும் என்று ஹோட்டல்காரர் சொன்னார். அந்தப் பாட்டி மட்டும் பொஸ்கியாவோவில் ஏறாமல் இருக்க வேண்டும்.