கொயருக்கு ஒரு பேஸ் கிட்டார்: ஐப்பசிக் குறிப்புகள்

அக்டோபர் 19, ஞாயிறு. மார்த்தாண்டம்

கிறிஸ்மஸ் பாட்டுப் பயிற்சி நவம்பர் நடுவில் தொடங்கிவிடும். அதற்குள் எங்கள் கோயில் கொயருக்கு (பாடகர் குழுவுக்கு) ஒரு பேஸ் கிட்டார், அதாவது கனத்த கீழ்ச் சுரம் வாசிக்கும் கிட்டார், வாங்க வேண்டும் என்று இன்று ஆராதனை முடிந்ததும் கமிட்டியில் முடிவு செய்தார்கள். சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப், வயர், உறை எல்லாம் சேர்த்து 20,000 ரூபாய். புதிது என்ற பேச்சுக்கே இடமில்லை. “நீங்கதானே அண்ணே பழசை எல்லாம் பிரிச்சுப் பாக்கிற ஆளு” என்று செயலாளர் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்.

வாசிக்கப் போவது பிளஸ் டூ படிக்கிற ஒரு பெண். கை சின்னது. கமிட்டியில் நிறம் முதல் பெல்ட் வரை பேசினார்கள், அவள் கையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

அக்டோபர் 21, செவ்வாய். களியக்காவிளை

பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு வீடு. கல்யாண வீடுகளில் வாசித்துக்கொண்டிருந்த பையன் வெளிநாடு போகிறான், அவனுடைய ஐபனெஸ் ஜிஎஸ்ஆர்200 பேஸ் விலைக்கு. 11,000 கேட்டான். கம்பியை முறுக்கும் கீக்கள் இருக்கும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கின் பின்னால் வரிசை எண் ‘ஐ’ என்று தொடங்குகிறது: இந்தோனேசியா. அடுத்த இரண்டு இலக்கம் வருடம், அதற்கடுத்த இரண்டு மாதம். இவனுடையது 0907, அதாவது 2009 ஜூலை. தொடக்க நிலைக்கு இதைவிட நம்பகமான பேஸ் குறைவு. மரம் சாதாரணம், வேலை சுத்தம்.

எண்ணைப் படிப்பது எளிது, விரல் ஓடும் நீளக் கழுத்தான நெக்கைப் படிப்பதற்குத்தான் நேரம் வேண்டும். முதல் ஃபிரெட்டை (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைதான் ஃபிரெட்) இடது கையாலும் கடைசி ஃபிரெட்டை வலது கையாலும் அழுத்தினால் கம்பியே ஓர் அடிக்கோலாகிவிடும். நடுவே ஏழாம், எட்டாம் ஃபிரெட்டுக்கு மேல் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தால் போதும். இங்கே அதே இடத்தில் ஐந்தாறு கார்டு நுழையும். ஐப்பசி மழையில் நெக் கொஞ்சம் வளைவது எங்கள் ஊரில் சகஜம், நெக்கின் உள்ளே ஓடும் இரும்புத் தண்டான டிரஸ் ராடைக் கால் சுற்று முறுக்கினால் நேராகிவிடும். அப்படித்தான் ஆலன் கீயைப் போட்டேன். ராடு ஏற்கெனவே கடைசிவரை முறுக்கப்பட்டிருந்தது. அதன் முனையில் உள்ள நட்டு அசையவில்லை, வளைவு அப்படியே நிற்கிறது. பட்டறையில் சூடு காட்டி நேராக்க வழி உண்டு, ஆனால் பத்தாயிரத்துச் சொச்சம் விலையுள்ள பேஸுக்கு அந்தச் செலவு கட்டாது. மேல் ஃபிரெட்டுகளில் வாசித்தால் நன்றாகவே கேட்கிறது. பையனும் அங்கேதான் வாசித்துக் காட்டினான்!

பேட்டரிப் பெட்டியைத் திறந்தால் 9 வோல்ட் பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது. இதை ஒரு பெரிய குறையாக நான் எடுத்துக்கொள்ளவில்லை, சுரண்டிவிட்டு வேறு கிளிப் சால்டர் செய்தால் சரியாகும். இப்படிப் பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் பேஸில் வயரைச் செருகியே வைத்திருந்தால் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும் என்பது மட்டும் பலருக்குத் தெரிவதில்லை. நெக்குக்காகத்தான் வேண்டாம் என்றேன்.

அக்டோபர் 25, சனி. நெய்யாற்றின்கரை

காலையிலேயே மழை. கேரள எல்லை தாண்டி பஸ் பிடித்துப் போனதற்குக் காரணம் போனில் வந்த ஒரு படம்: சன்பர்ஸ்ட் நிறத்தில் அமெரிக்க ஃபெண்டர் கம்பெனியின் ஜாஸ் பேஸ். “ஒறிஜினலாணு சேட்டா, எழுபத்தாறு மாடல்.” விலை ஒன்றரை லட்சம். கொயருக்கு எட்டாத விலைதான். ஆனாலும் 1976 ஜாஸ் பேஸ் ஒன்று பஸ்ஸில் போய்ச் சேரும் தொலைவில் இருக்கிறது என்றால் என்னால் வீட்டில் உட்கார முடியாது.

கையில் எடுத்ததும் திருப்பினேன். நெக்கை உடலோடு பிடிக்கும் தகட்டில் நான்கு திருகாணி. எழுபதுகளின் நடுவில் ஃபெண்டர் தன் ஜாஸ் பேஸை மூன்று திருகாணிக்கு மாற்றிவிட்டது, டிரஸ் ராடின் நட்டும் துப்பாக்கிக் குண்டு வடிவத்தில் ஹெட்ஸ்டாக் பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். ஃபெண்டரின் இன்னொரு மாடலான பிரெசிஷன் பேஸில் நான்கு திருகாணிதான் தொடர்ந்தது, ஆகவே நான்கைப் பார்த்ததும் போலி என்று கத்தக் கூடாது, எந்த மாடல் என்று பார்த்துத்தான் பேச வேண்டும். இது ஜாஸ். குண்டு நட்டு இல்லை, உள்ளே ஆலன் கீ போடும் ஓட்டைதான். எழுபதுகளில் பின் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் பிரிட்ஜ் பக்கம், அதாவது கம்பியின் கீழ் முனைப் பக்கம், நகர்ந்தது, இங்கே அறுபதுகளின் இடத்தில் இருக்கிறது. பிறகு வரிசை எண். 1976-இல்தான் அது தகட்டிலிருந்து ஹெட்ஸ்டாக்குக்கு ஏறியது. இதில் இரண்டு இடத்திலும் இல்லை. ஹெட்ஸ்டாக்கின் பின்புறம் மட்டும் புது வார்னிஷ் பளபளக்கிறது.

வால்யூம் குமிழ்கள் உள்ள கண்ட்ரோல் தகட்டைக் கழற்ற அனுமதி கேட்டேன். மனிதர் தாராளமாகத் திருப்புளி கொடுத்தார், அதனால் அவரே ஏமாந்து வாங்கியவர் என்றுதான் நினைக்கிறேன். உள்ளே கட்டைவிரல் நகம் அளவு சின்ன பாட்கள் (குமிழைத் திருப்பினால் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பாகம்), ‘பி250கே’ என்று அச்சு. பழைய அமெரிக்க பாட்களில் ஏழு இலக்க எண் குத்தியிருப்பார்கள். 137 என்று தொடங்கினால் சிடிஎஸ் கம்பெனி, 304 என்றால் ஸ்டாக்போல், அடுத்த இரண்டு வருடம், கடைசி இரண்டு வாரம். 1377612 என்று இருந்தால் 1976-இன் பன்னிரண்டாவது வாரம். அதுவும் கிட்டார் பிறந்த தேதி ஆகாது, அதற்கு முன்னால் பிறந்திருக்க முடியாது என்று மட்டும் சொல்லும். பாட்களையே மாற்றியிருக்கவும் கூடும்.

என் கணிப்பு: ஃபெண்டரின் மலிவு பிராண்டான ஸ்குவையர் உடல், ஸ்குவையர் நெக், ஃபெண்டர் ஸ்டிக்கர். வாசிக்க அருமை! நெக் நேர், இரண்டு பிக்கப்பையும் முழுதாகத் திறந்தால் ஹம் என்னும் இரைச்சல் அடங்கிவிடுகிறது. ஸ்குவையர் என்று சொல்லி விற்றால் 15,000 கொடுத்து அங்கேயே எடுத்திருப்பேன். சொன்னேன். அவர் சிரித்தார், சாயா கொடுத்தார், விலையை இறக்கவில்லை.

நவம்பர் 1, சனி. குழித்துறை

கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள், உள்ளூர் விடுமுறை. அந்தப் பக்கம் கேரளப் பிறவி, இரண்டுக்கும் 1956-தான் வருடம். அம்மா வழியில் மாமா முறை ஒருவர், குவைத்தில் வேலை பார்த்தவர், அலமாரி மேல் ஒரு பேஸ் கிடக்கிறது என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

ஹெட்ஸ்டாக்கில் பெயர் இல்லை, பசை காய்ந்த தடம் மட்டும். பின் தகட்டில் ஸ்டீல் ரீஇன்ஃபோர்ஸ்டு நெக், மேட் இன் ஜப்பான். அறுபது, எழுபதுகளின் ஜப்பான் பேஸ்களில் வழக்கமாகக் காணும் வாசகம் இது. ஒரே தொழிற்சாலை பல கடைகளுக்குப் பல பெயரில் செய்து அனுப்பியது, ஆகவே பெயர் போனதில் பெரிய நஷ்டம் இல்லை. இப்படிப்பட்டதற்கெல்லாம் ‘லாசூட்’ (வழக்கு) பேஸ் என்று பெயர் ஒட்டி விலை ஏற்றுகிறார்கள். 1977-இல் கிட்டார் கம்பெனி கிப்சனின் தாய் நிறுவனம் நோர்லின் வழக்குப் போட்டது ஐபனெஸின் அமெரிக்க விநியோகஸ்தரான எல்ஜர் மீது, அதுவும் ஹெட்ஸ்டாக் வடிவத்துக்காக. மாமாவின் பேஸுக்கும் அந்த வழக்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

நட்டிலிருந்து (முறுக்கும் நட்டு அல்ல, நெக்கின் மேல் முனையில் கம்பிகளைப் பிரித்து வைக்கும் துண்டு) பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கு டேப் பிடித்தேன்: 15 இன்ச். இரட்டித்தால் அதிரும் கம்பியின் நீளம் 30, ஷார்ட் ஸ்கேல். ஃபெண்டரின் பிரெசிஷனும் ஜாஸும் 34 இன்ச். குட்டை என்றதும் விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்குகிறவர்களிடம் எனக்குச் சண்டை உண்டு. பால் மெக்கார்ட்னியின் ஹாஃப்னர் வயலின் பேஸ் 30 இன்ச், 1966-இல் வந்த ஃபெண்டரின் மஸ்டாங் பேஸும் அதேதான். சின்னக் கைக்கு ஒன்றாம் ஃபிரெட்டிலிருந்து மூன்றாம் ஃபிரெட்டுக்கு எட்டும் தூரம் குறைகிறது, அதைவிட வேறென்ன வேண்டும்?

பிக்கப் குழிக்குள் டார்ச் அடித்தால் அடுக்கடுக்காகத் தெரிகிறது, பிளைவுட். எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அடுக்கு விரிந்திருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும், விரியவில்லை. நட்டை ஒட்டி ஜீரோ ஃபிரெட், கம்பி அதன் மேல்தான் உட்காரும். நெக் நேர். டிரஸ் ராடு இரண்டு பக்கமும் திரும்புகிறது, இத்தனை வருட உப்புக் காற்றுக்குப் பிறகும். நெக்கின் மேல் பலகையான ஃபிங்கர்போர்டு ரோஸ்வுட், நம் ஈட்டி மரம் மாதிரிதான் தெரிகிறது. அறுபதுகளின் பிற்பகுதியில் ஃபெண்டரே பிரேசிலை விட்டு இந்திய ஈட்டிக்கு மாறியது. இதுவும் மேற்குத் தொடர்ச்சி மலையில் வெட்டின மரமாக இருந்தால், ஜப்பான் போய், குவைத் போய், மறுபடி மலையடிவாரத்துக்கே வந்திருக்கிறது!

“எடுத்துட்டுப் போ மக்களே, பாட்டுக்குத்தானே” என்றார் மாமா. கமிட்டி கணக்கில் எழுத வேண்டும் என்று சொல்லி 5,000 கொடுத்தேன். மாமி வாங்கி வைத்துக்கொண்டார்.

நவம்பர் 4, செவ்வாய். மார்த்தாண்டம்

மல்டிமீட்டர் வைத்தேன். பின் பிக்கப் 6.8 கிலோ ஓம், உயிரோடு இருக்கிறது. முன் பிக்கப் ‘ஓ.எல்.’ என்கிறது, சுற்று அறுந்திருக்கிறது. மூடியைக் கழற்றினால் வெளிப்பக்க நுனியில் பச்சைக் களிம்பு. பிக்கப் கம்பி 42 கேஜ், 0.06 மில்லிமீட்டர் சொச்சம், மூச்சு விட்டால் அசையும். ஒரு சுற்று பிரித்து, எனாமலைச் சுரண்டி, மறுபடி ஈயம் வைத்தேன். இப்போது 6.5. உள் நுனி அறுந்திருந்தால் முழுதாகச் சுற்ற வேண்டியிருக்கும், மோட்டார் காயில் சுற்றுகிறவரிடம் போய்க் கெஞ்ச வேண்டும். கரகரத்த வால்யூமுக்குக் கான்டாக்ட் கிளீனர் அடித்தேன். கீக்களுக்கு எண்ணெய்.

நவம்பர் 9, ஞாயிறு

ஷார்ட் ஸ்கேல் கம்பி இங்கே எந்தக் கடையிலும் இல்லை, தபாலில் வந்தது. நீளக் கம்பியை வெட்டிப் போடலாமே என்று கடைக்காரர் சொன்னார். கீயில் சுற்றும் இடம் மெலிந்திருக்க வேண்டும், நீளக் கம்பியில் அந்த இடம் வரும்போது இன்னும் தடிமனாகவே இருக்கும், சுற்றும்போதே உள் கம்பி முறியும். இ கம்பியின் உயரம் பன்னிரண்டாம் ஃபிரெட்டில் 2.5 மி.மீ. வைத்தேன். அதே இடத்தில் கம்பியைத் தொட்டு மட்டும் எழுப்பும் ஹார்மோனிக்கைவிட அழுத்திய சுரம் கூடுதலாக இருந்தது, பிரிட்ஜில் கம்பி உட்காரும் சேடிலைப் பின்னுக்கு இழுத்ததும் சரியானது.

மிச்சப் பணத்தில் பழைய 40 வாட் ஆம்ப் ஒன்றும் வாங்கியாயிற்று.

நவம்பர் 13, வியாழன். கோயில்

அந்தப் பெண் முதல் பாட்டிலேயே மூன்று சுரத்தைச் சுற்றி வந்துவிட்டாள். “அங்கிள், இது எட்டுது” என்றாள். மற்றபடி அவளுக்குப் பேஸைப் பற்றிக் கேள்வி எதுவும் இல்லை, அது எந்த ஊர்க் கிட்டார் என்பது உட்பட.

ஆனால் பீடத்துப் பக்கம் செருகினால் பெரிய ஹம். கொயர் மாஸ்டர் பழைய பிக்கப்பைக் குறை சொன்னார். ஒற்றைச் சுருள் பிக்கப்பான சிங்கிள் காயிலுக்குக் கொஞ்சம் இரைச்சல் இருக்கத்தான் செய்யும், டியூப் லைட் அருகில் நின்றால் கூடும். ஆனால் அதே ஆம்பையும் பேஸையும் பின் அறையில் செருகினால் அந்தப் பெரிய இரைச்சல் இல்லை. டெஸ்டர் வைத்துப் பார்த்ததில் பீடத்துப் பக்கத்து பிளக்கில் எர்த்தே கிடையாது. கம்பியில் கை வைத்துக்கொண்டு மைக்கில் பாடினால் உதட்டில் ஷாக் அடிக்கலாம், ஹம்மைவிட அதுதான் எனக்குக் கவலை. கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளை சனிக்கிழமை எலக்ட்ரீஷியனை வரச் சொல்லியிருக்கிறார். அதுவரை பயிற்சி பின் அறையில்.