வெள்ளியும் வெங்காயமும்: பாபிலோன் பாணியில் 47 நாள்

ஜோதிடம் எங்கே தொடங்கியது என்று படிக்கப் போனவன், ஈரமான இட்லித் துணியில் களிமண் பலகையைச் சுற்றிக்கொண்டு தினமும் மொட்டை மாடி ஏறும் ஆளாகிவிட்டேன்.

எல்லாம் பாபிலோன்காரர்கள் செய்த வேலை. இன்றைய ஈராக்கில் இருந்த அந்த ஊரில், எழுத்தர்கள் இரவுதோறும் வானத்தைப் பார்த்துக் களிமண்ணில் குறித்து வைத்தார்கள். கிடைத்திருப்பவற்றில் மிகப் பழையது கி.மு. 652, கடைசி கி.மு. 61. நிலவு எங்கே, கோள்கள் எங்கே, மேகம் உண்டா, யூப்ரட்டீஸில் தண்ணீர் எவ்வளவு, வாற்கோதுமையும் பேரீச்சையும் எள்ளும் என்ன விலை, எல்லாம் ஒரே பலகையில். கி.மு. 323இல் அலெக்சாண்டர் செத்ததற்கும் ஒரு வரிதான்: மன்னர் இறந்தார். அடுத்தது மேகம் பற்றிய குறிப்பு. இந்த அலட்டலில்லாத தன்மை எனக்குப் பிடித்துப்போனது. சரி, நாமும் எழுதிப் பார்ப்போம்.

நாள் 1. அவர்களுக்கு மாதம் பிறப்பது மேற்கில் முதல் பிறை கண்ணில் பட்ட மாலையில். நானும் பிறைக்காகக் காத்திருந்து தொடங்கினேன். பிள்ளையார் சிலை செய்பவரிடம் வாங்கிய களிமண், ஓரத்தைக் கூராகச் சீவிய ஐஸ் குச்சி. குச்சியின் மூலையை அழுத்தினால் ஆப்பு வடிவம் விழுகிறது. நேராக ஒரு குத்து 1, சாய்த்து மூலையால் ஒரு குத்து 10. எண்கள் மட்டும் அவர்கள் எழுத்து, மற்றதெல்லாம் தமிழ்.

முதல் பலகை மறுநாளே வெயிலில் காய்ந்து மூன்றாக வெடித்தது. நிழலில் மெதுவாகத்தான் உலர்த்த வேண்டும். இன்னொரு சிக்கல்: காய்ந்துவிட்டால் அடுத்த நாள் குறிப்பைச் சேர்க்க முடியாது. அவர்கள் சில நாள் குறிப்புகளைச் சின்னப் பலகைகளில் எழுதி, பிறகு அரையாண்டுக்கு ஒன்றாகத் தொகுத்திருக்கிறார்கள். எனக்கு இட்லித் துணிதான் வழி.

நாள் 3. பிறை வெள்ளிக் கோளுக்குப் பக்கத்தில். இடைவெளியை அவர்கள் கணக்குப்படி 'விரல்', 'முழம்' என்று அளந்தேன். கையை நீட்டி விரலை வைத்து '3 விரல்' என்று பெருமையாகக் குத்திவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, அவர்களுடைய 24 விரல் ஒரு முழம், அந்த முழமே வானத்தில் சுமார் 2 பாகைதான். அதாவது நீட்டிய கையின் கட்டைவிரல் அகலம்தான் அவர்களுக்கு ஒரு முழம்! முழு நிலவின் அகலமே 6 விரல். களிமண்ணில் ஒரு வசதி, ஈரமாக இருந்தால் தேய்த்துவிடலாம்.

நாள் 4. விலைவாசிப் பகுதி. ஒரு ஷெக்கல் வெள்ளிக்கு (இது கோள் இல்லை, உலோகம்), அதாவது சுமார் 8 கிராமுக்கு, எவ்வளவு தானியம் கிடைக்கும் என்றுதான் அவர்கள் எழுதினார்கள். கிலோ இத்தனை என்று பழகிய எனக்கு இது தலைகீழாகப் பட்டது. வாசலில் லோடு வேன் வந்து "நூறு ரூபாய்க்கு நாலு கிலோ வெங்காயம்" என்று கூவும் வரை. முந்தின நாள் வரை மூன்று கிலோ. குறித்துக்கொண்டேன்.

நாள் 18. மீண்டும் மூன்று கிலோ. வெள்ளி ஒவ்வொரு மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. எழுத வேறு ஒன்றும் இல்லை.

நாள் 31. புதுப் பிறை, மறுபடி வெள்ளிக்கு அருகில். மறுநாள் வேன்காரர்: நாலு கிலோ! எனக்குச் சிலிர்த்துவிட்டது. சிரிக்காதீர்கள். இரண்டே தடவைதான், தற்செயல் என்று தெரியும். ஆனாலும் ஒரே பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டும் இருக்கும்போது கை தானாக முடிச்சுப் போடப் பார்க்கிறது. 'பிறை வெள்ளியை நெருங்கினால் வெங்காயம் மலியும்' என்று ஒரு வரியை எழுதியே விட்டேன்.

அவர்களிடம் இந்த மாதிரி வரிகள் சுமார் 70 பலகை அளவுக்கு இருக்கின்றன. தொகுப்பின் பெயர் 'எனுமா அனு என்லில்'. அதில் 63ஆம் பலகை முழுக்க வெள்ளிதான். அம்மிசதுகா என்ற மன்னர் காலத்தில் வெள்ளி மறைந்த நாள், திரும்பி வந்த நாள், அதற்கான பலன். ஒன்று இப்படிப் போகிறது: சபாட்டு மாதம் 15ஆம் நாள் மேற்கில் மறைந்து, 3 நாள் காணாமல் இருந்து, 18ஆம் நாள் கிழக்கில் தோன்றினால், ஊற்றுகள் திறக்கும், மழையும் வெள்ளமும் வரும், மன்னருக்கு மன்னர் சமாதானத் தூது விடுவார். உங்கள் கல்யாணம் பற்றியோ என் வேலை பற்றியோ பேச்சே இல்லை. எல்லாம் மன்னருக்கும் நாட்டுக்கும்தான். பிறந்த நேரத்தை வைத்துத் தனி ஆளுக்கு எழுதிய குறிப்பு, கிடைத்தவரை, கி.மு. 410இல்தான் தலைகாட்டுகிறது. ராசிக்கு 30 பாகை என்று வானத்தைப் பன்னிரண்டாகப் பங்கு போட்டதும் ஏறக்குறைய அந்த நூற்றாண்டில்தான். பிறகு கிரேக்கர் கைக்குப் போய் நம் பக்கம் வந்தது. நாம் சொல்லும் 'ஓரை'கூட அந்த வழியில் வந்த கிரேக்கச் சொல்தான். நம் மகர ராசி அங்கே முன்பாதி ஆடு, பின்பாதி மீன். பலகையின் பின்பக்கம் அதை வரைந்து பார்த்தேன், எலிக்குத் துடுப்பு முளைத்த மாதிரி வந்தது.

நாள் 37. மாலை வெள்ளி, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, மங்கலாக. 38, 39 இரண்டு நாளும் மேகம். 40இல் வானம் தெளிவு, வெள்ளி இல்லை. கடைசியாகத் தெரிந்தது எந்த மாலை என்று இனி கண்டுபிடிக்க வழியில்லை. அவர்களும் 'மேகம், பார்க்கவில்லை' என்று எழுதிவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். நானும் அதையே குத்தினேன்.

நாள் 47. நாலு நாளாக விடியற்காலை ஐந்து மணிக்கு மாடி. இன்று கிழக்கில், அடிவானத்தை ஒட்டி, வந்துவிட்டது. காணாமல் இருந்தது 7 நாளா 9 நாளா என்பது அந்த மேகத்துக்குத்தான் வெளிச்சம். அம்மா காபியோடு மேலே வந்து, "என்னடா சொல்லுது உன் மண்ணு?" என்றாள். வேன் வர எட்டு மணி ஆகும் என்றேன்.

வந்தது. மூன்றரை கிலோ.