கோபுரம் என்று எழுதியபோது

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு திரைப்படச் சங்கத்தின் திரையிடலுக்காக, 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் தாக்கப்பட்டதை ஒட்டி 2002-இல் வெளிவந்த குறும்படத் தொகுப்புக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதினேன். 11 நாடுகளைச் சேர்ந்த 11 இயக்குநர்கள், ஒவ்வொருவரும் 11 நிமிடம், 9 விநாடி, ஒரு ஃபிரேம் என்ற அளவுக்குள் எடுத்த படங்கள் அவை.

முதல் படம் ஈரானின் சமீரா மக்மல்பஃப் இயக்கியது. செங்கல் சூளையில் வேலை செய்யும் ஆப்கன் அகதிகளின் பிள்ளைகளிடம், உலகில் பெரிய சம்பவம் ஒன்று நடந்திருக்கிறது, என்னவென்று தெரியுமா என ஆசிரியை கேட்கிறார். பிள்ளைகளோ கிணற்றில் விழுந்து இறந்தவர்களைப் பற்றிச் சொல்கிறார்கள். நியூயார்க் செய்தி வந்த இடத்தில், நாளிதழ் பழக்கத்தில் ‘இரட்டைக் கோபுரம்’ என்று எழுதிவிட்டு மேலே போய்விட்டேன். இறந்தவர்களுக்காக ஒரு நிமிடம் மௌனமாக இருக்க முடியாத அந்தப் பிள்ளைகளை ஆசிரியை சூளையின் நெடிய புகைபோக்கியின் கீழே கொண்டுபோய் நிறுத்தும் காட்சியில்தான் என் கை நின்றது. அவர்களுக்குக் காட்ட அவரிடம் இருந்த உயரம் அது ஒன்றே. நமக்கோ கோபுரம் என்றதும் கோயில்தான் கண்முன் வரும். ‘உயரமான கட்டடம்’ என்று மாற்றிப் பார்த்தேன். புகைபோக்கியோடு அது ஒட்டவில்லை. இறுதியில் ‘இரட்டை’யை மட்டும் நீக்கினேன். தேய்ந்துபோன செய்திப் பெயர் உதிர்ந்து, அண்ணாந்து பார்க்கும் உயரம் மட்டும் சொல்லில் நின்றது.

பிரிட்டனின் கென் லோச் இயக்கிய படத்தில், சிலியிலிருந்து வெளியேறியவர் ஒருவர், 1973-இல் அதே தேதியில், அதே செவ்வாய்க்கிழமையில் தம் நாட்டில் நடந்த ஆட்சிக் கவிழ்ப்பைப் பற்றி அமெரிக்கர்களுக்குக் கடிதம் எழுதுகிறார். கடித நடை தமிழுக்கு இயல்பாகவே வந்தது.

என்னை அதிகம் வருத்தியது மெக்சிகோவின் இன்யாரிட்டு இயக்கிய படம். திரை பெரும்பாலும் இருண்டே கிடக்கிறது. குரல்களும் இரைச்சலும் மோதுகின்றன. இடையிடையே, கட்டடத்திலிருந்து விழும் மனிதர்கள் கண்ணிமைக்கும் நேரம் தெரிந்து மறைகிறார்கள். கேட்ட குரலுக்கெல்லாம் வரி எழுதுவதே கடமை என்று நம்பி எழுதியிருந்தேன். ஒத்திகைத் திரையிடலில், இருண்ட அரங்கில் என் வெள்ளை எழுத்துகள் தோன்றும்போதெல்லாம் முன்வரிசையில் இருந்தவர்களின் முகங்களில் வெளிச்சம் படிந்ததைப் பார்த்தேன். இயக்குநர் காத்த இருட்டை நான் கலைத்துக்கொண்டிருந்தேன். அன்றிரவே பெரும்பாலான வரிகளை நீக்கிவிட்டு, சப்டைட்டில் கோப்பை மீண்டும் அனுப்பினேன்.