மைக்குப்பி எழுந்து போகிறது: சில நாட்கள்

ஜூன் 3
குப்பி நடந்துவிட்டது! மூன்று விநாடிதான். திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்க்கிறேன்.

ஜூன் 4
நான்கு நிமிட ஸ்டாப்-மோஷன் படம்: பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையையும் புகைப்படம் எடுத்து, வரிசையாக ஓடவிடுவது. திரைக்கு விநாடிக்கு 24 ஃபிரேம் வேண்டும். ஒவ்வொரு அசைவையும் இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினால் 12 புகைப்படம் போதும். அப்படியும் 2,880 ஆகிறது. அதற்கெல்லாம் அஞ்சவில்லை. அச்சம் முடிவைப் பற்றித்தான். ஓவியர் முன்னால் வெற்றுத்தாள். தாள் தினமும் கொஞ்சம் பெரிதாகிறது. சலித்துப்போன மைக்குப்பி மூடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வெளியேறுகிறது. பிறகு?

ஜூன் 6
தலைக்கு மேல் பல்பு எரியக் கூடாது. வண்ணத்துப்பூச்சி வரக் கூடாது. கனவில் யாரும் வந்து சொல்லக் கூடாது. மாதக்கணக்கில் வறண்டு கிடக்கும் ஒருவருக்கு வெளியிலிருந்து வரம் வந்து இறங்கியது என்று காட்டுவது துரோகம். அப்படிக் கிடந்தபோது என்னிடம் எதுவும் பறந்து வரவில்லை.

ஜூன் 7
ஓடவிட்டால் வெளிச்சம் துடிக்கிறது. ஜன்னலுக்கு வெளியே ஒரு மேகம் நகர்ந்தாலும் கேமரா தானாகவே ஒளியைச் சரிசெய்துகொள்கிறது. தானியங்கி அமைப்புகளை எல்லாம் அணைத்தேன். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, ஒற்றை விளக்கு. வெள்ளைச் சட்டையும் ஆகாது, அதன் ஒளி தாளில் விழுகிறது. இனி இந்த அறையில் எந்நேரமும் இரவுதான்.

ஜூன் 9
ஒன்றும் எடுக்கவில்லை. மேஜையில் மூடி மட்டும்.

ஜூன் 10
"ஓவியர் காலாற நடந்துவிட்டு வரட்டும், யோசனை தானாக வந்துவிடும்" என்று அண்ணன் போனில் சொன்னார். இல்லை அண்ணா. அதுவும் வண்ணத்துப்பூச்சிதான்.

எடுக்க எதுவும் தோன்றாத இயக்குநரை வைத்தே இத்தாலிய இயக்குநர் ஃபெல்லினி 1963இல் ஒரு படம் தந்தார். தலைப்பு '8½', அதையும் சேர்த்துத் தான் எடுத்த படங்களின் கணக்கையே பெயராக வைத்துவிட்டார். அந்தத் துணிச்சலை நினைத்தால் நெஞ்சு நிமிர்கிறது.

ஜூன் 12
தூக்கமில்லை. பிரெஞ்சுத் திரைப்பட முன்னோடி மெலியே சொன்ன கதைதான் மனதில் ஓடுகிறது. பாரிஸ் தெருவில் படம் பிடிக்கும்போது கருவி சிக்கி நின்றதாம். மறுபடி ஓடியபோது, திரையில் பயணிகள் வண்டி சவ வண்டியாக மாறியிருந்ததாம். எனக்கு அதில் பிடித்தது கருவி நின்ற அந்த நேரம். படத்தில் அது இல்லவே இல்லை, மாயமெல்லாம் அங்கேதான் நடந்தது.

மூடியை என்ன செய்வது?

ஜூன் 13
கறை! குப்பி நின்ற இடத்தில், தாளில் ஒரு வட்டக் கறை. நான் போட்டதல்ல, நகர்த்தி நகர்த்தி எடுத்ததில் விழுந்தது. ஓவியர் அதைத் துடைக்கப் பார்ப்பார். துடைக்கத் துடைக்கப் பரவும். பரவியது இரண்டு கால்களாக நீளும். வெறுங்காலுடன் நிற்கிறதே என்று அவர் செருப்பு வரைவார். முதல் கோடு அதுதான்! வரமும் இல்லை, பல்பும் இல்லை. ஒரு கறையின்மேல் இரக்கம், அவ்வளவே. ஓடிப்போன குப்பி கதவோரம் வந்து நின்று, தனக்கும் செருப்பு வேண்டும் என்று ஏங்கும்.

ஜூன் 15
ஓவியர் பொம்மையின் மணிக்கட்டுக்குள் அலுமினியக் கம்பி முறிந்தது. திரும்பத் திரும்ப வளைந்தால் உலோகமும் களைத்துவிடும். புதுக் கம்பியை இரட்டை இழையாக முறுக்கி, களிமண் பூசி, முந்தைய படத்தைத் திரையில் மங்கலாக வைத்துக்கொண்டு விரல்களைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். பொழுது முழுக்க அதற்கே போயிற்று. மகிழ்ச்சி.

ஜூன் 17
இடது செருப்புக்கு வார் போட்டாயிற்று. வலது நாளைக்கு. குப்பி எட்டிப் பார்க்க 12 படம் போதுமா? போதாது. வெட்கம் தெரிய இரண்டு விநாடியாவது வேண்டும், 24 எடுக்கிறேன். மூடி…