சிராய் எவ்வளவு நீளம்?

மலேசியாவின் ஈப்போவிலிருந்து வேலை மாற்றலாகிச் சென்னைக்கு வந்த எனக்கு முதலில் வாய்த்தவை, வெளிநாட்டிலிருந்து இங்கு வருகிற எல்லாருக்கும் வாய்ப்பவைதாம்: வெளிநாட்டவர் பதிவுக்கான ஆவணங்கள், பல மாத வாடகையை முன்பணமாக மொத்தமாகக் கேட்கும் வீட்டு உரிமையாளர், தண்ணீர் லாரி வரும் நாளை மனப்பாடமாக வைத்திருக்கும் அடுக்ககக் காவலாளி. அவற்றைப் பற்றிச் சொல்ல என்னிடம் புதிதாக ஒன்றுமில்லை. நான் எழுத விரும்புவது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வார இறுதிகளில் பந்தயச் சைக்கிள் ஓட்டும் ஒரு கூட்டத்தைப் பற்றி. மொழி ஒன்றாக இருந்தும் அந்நியமாகவே இருந்த இந்த ஊரில் என்னை முதன்முதலில் கேலி செய்தவர்கள் அவர்கள்தாம். முதலில் நண்பர்களானவர்களும் அவர்கள்தாம்.

நேரத்தோடுதான் முதல் சண்டை. மலேசியக் கடிகாரம் இந்தியக் கடிகாரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே பொழுது விடிவதற்கே ஏழு மணி தாண்டிவிடும். ஈப்போவில் நாங்கள் ஏழரைக்குச் சாவகாசமாகச் சிம்பாங் பூலாயில் கூடி, கேமரன் மலைக்கு ஏறும் சாலையில் சைக்கிளைத் திருப்புவோம். சென்னையிலோ கோடையில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் கடலுக்கு மேல் வந்துவிடுகிறது, எட்டரைக்கெல்லாம் தார்ச்சாலை கொதிக்கத் தொடங்குகிறது. ஆகவே இங்கே நாலரை மணி இருட்டில், திருவான்மியூரில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நான் தாமதமாகப் போய்ச் சேரும் நாட்களில், மலேசியாவில் இப்போது ஏழு மணிதானே, அந்தக் கணக்கில் மேடம் சீக்கிரமாகவே வந்துவிட்டார் என்று மிகுந்த பணிவுடன் சொல்வார்கள். அதைக் கேலி என்று எடுத்துக்கொள்வதா, சமாதானம் என்று எடுத்துக்கொள்வதா என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.

அந்த ‘மேடம்’தான் சிக்கல். நான் பின்தங்கினால் யாராவது ஒருவர் சத்தமில்லாமல் வேகத்தைக் குறைத்து, எனக்கு முன்னால் வந்து காற்றை மறைத்துக்கொண்டு ஓட்டுவார். பஞ்சர் ஆனால் என்னைக் கையில் அழுக்குப்பட விடாமல் ட்யூபை மாற்றித் தருவார்கள். தேநீருக்கு என்னிடம் காசு வாங்கமாட்டார்கள். ஆனால் தங்களுக்குள் அவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டால், இவர்கள் பூர்வ ஜென்ம விரோதிகளோ என்று தோன்றும். மரியாதை எனக்கு மட்டும் தனியாக ஒதுக்கப்பட்டிருந்தது உள்ளூர எரிச்சலாக இருந்தது. ஈப்போவில் எங்கள் கூட்டத்தில் மலாய்க்காரர்களும் சீனர்களும் தமிழர்களும் கலந்திருந்தோம். கேலி மலாயும் ஆங்கிலமும் கான்டனீஸும் கலந்த ஒரு பேச்சில் நடக்கும், தமிழ் வீட்டுக்குள் தங்கிவிடும். கியர், செயின், தொடைப்பிடிப்பு, பக்கத்து ஆளின் தொப்பை ஆகிய அனைத்தையும் பற்றித் தமிழிலேயே வம்பளக்கும் ஒரு கூட்டத்தை நான் இங்குதான் முதலில் பார்த்தேன். அந்த வம்பில் எனக்கும் ஓர் இடம் வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

இவர்கள் எவரும் தொழில்முறை வீரர்கள் அல்லர். ஒருவர் பல் மருத்துவர், ஒருவர் வங்கி அலுவலர், அம்பத்தூரிலிருந்து வரும் தம்பி ஒருவன் கல்லூரி மாணவன், பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர். பந்தயம் என்பது இவர்களுக்கு ஆண்டில் சில நாட்கள். மற்ற நாட்களில் அதற்கான பேச்சு. அந்தப் பேச்சுக்கு ஒரு முறை இருக்கிறது. புறப்படுவதற்கு முன் ஒவ்வொருவரும் தம் இயலாமையை அறிவிக்க வேண்டும். பல் மருத்துவர் தமக்கு மூன்று நாளாகத் தூக்கமே இல்லை என்பார். தம்பி, இன்று கால்களுக்கு ஓய்வு கொடுக்கும் ஓட்டம்தான், யாரும் தன்னை எதிர்பார்க்க வேண்டாம் என்று சத்தியம் செய்வான். உத்தண்டிச் சுங்கச்சாவடியைத் தாண்டியதும் இருக்கையிலிருந்து எழுந்து நின்று முதலில் மிதிப்பவன் அந்தத் தம்பியாகவே இருப்பான். சொல்லப்பட்ட காரணங்களின் நீளத்தைக் கொண்டே அன்றைய வேகத்தைக் கணித்துவிடலாம் என்பது என் அனுபவம். ஒன்றும் சொல்லாமல் வருகிறவர்தான் உண்மையிலேயே உடம்புக்கு முடியாதவர்.

வங்கி அலுவலருக்கு ‘டோல்கேட்’ என்று பெயர். சுங்கச்சாவடி வரை சிங்கமாக வந்து, அங்கே ஏதேனும் ஒரு குடும்பக் கடமை நினைவுக்கு வந்து திரும்பிவிடுவார். சைக்கிளுக்கு அங்கே கட்டணம் கிடையாது என்பதை யாராவது அந்த அண்ணனுக்கு எடுத்துச் சொல்லுங்கள் என்று ஐயா ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்வார். அவரும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பவர்போலச் சிரிப்பார்.

சென்னை தட்டையான ஊர். மலையேறிப் பழகிய எனக்கு இதுவே பெரிய ஏக்கம். கெந்திங் மலை லங்காவி சைக்கிளோட்டப் போட்டியின் புகழ்பெற்ற ஏற்றம்; 1996இல் தொடங்கிய அந்தப் போட்டியைச் சாலையோரம் நின்று பார்த்து வளர்ந்த தலைமுறை நான். இங்கே ஏற்றம் வேண்டுமென்றால் மேம்பாலம்தான், அல்லது முட்டுக்காட்டில் கழிமுகத்துக்கு மேல் போகும் பாலம்தான். அந்தப் பாலத்தை இவர்கள் ‘நம்ம ஆல்ப் துவேஸ்’ என்கிறார்கள். 1952இல் பிரான்சு நாட்டுச் சுற்றுப்போட்டியில் (டூர் டி பிரான்ஸ்) இத்தாலிய வீரர் ஃபாஸ்டோ கொப்பி வென்ற அந்தப் பிரெஞ்சு மலைச்சாலையில் 21 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு, ஏற்றம் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளம். முட்டுக்காட்டில் வளைவே கிடையாது. ஏறத் தொடங்கும்போதே இறக்கம் வந்துவிடும். ஆயினும் உச்சியை முதலில் தொட்டவர் யார் என்ற வழக்கு கோவளம் வரை நீளும், சாட்சிகள் பல்டி அடிப்பார்கள், தீர்ப்பு ஒருபோதும் வராது.

ஏற்றம் இல்லாத குறையைக் காற்று தீர்த்துவைக்கிறது. மழைக்காலத்திலும் அதற்குப் பின் வரும் பனிக்காலத்திலும் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும். மாமல்லபுரம் போகும்போது முதுகில் தள்ளும், திரும்பும்போது முகத்தில் அறையும். சமதரையில் வேகமாக ஓட்டுபவரின் சக்தியில் பெரும்பகுதி காற்றைக் கிழிப்பதற்கே செலவாகிறது. வேகம் கூடக்கூட அந்தச் செலவு பன்மடங்காகிறது. எனவே போகும்போது எல்லாரும் வீரர்கள், வரும்போது எல்லாரும் அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் ஒளிய இடம் தேடுபவர்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எங்கள் கூட்டத்தில் கோணலானது எப்போதும் காற்று. ஒருநாள் இரவுப் பணி முடிந்து லுங்கியுடன், கைப்பிடியில் தூக்குச்சட்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு, பழைய சைக்கிளில் வந்த ஒருவர், கடைசி ஆளின் பின்சக்கரத்தை ஒட்டி வெகுதூரம் நிதானமாக வந்தார். பனையூர் வந்ததும் வலப்பக்கம் விலகி எங்கள் எல்லாரையும் முந்தினார், போகிற போக்கில் “வழி விடுங்கப்பா, வேலைக்குப் போறவன்லாம் வரான்” என்றார். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர் அப்படிச் சொன்னதுதான் எங்களுக்கு அவமானம். பந்தய உத்தியில் அவரிடம் ஒரு குறையும் காண முடியாது என்று பல் மருத்துவர் இன்றுவரை வாதிடுகிறார்.

ஐயாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அம்பத்தூரில் 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் தயாரித்த ஹெர்குலிஸ் வண்டியில் பழகிய கால்கள் அவருடையவை. எங்கள் காலத்தில் கியர் முழங்காலில் இருந்தது என்பார். கியர் மாற்றுவதற்கு மின்கலம் பொருத்திய விலையுயர்ந்த சைக்கிளை வாங்கிய பல் மருத்துவர், மின்னேற்றம் செய்ய மறந்து ஒரே கியரில் மாமல்லபுரத்திலிருந்து திரும்பிய நாளில், பல் பிடுங்குகிறவருக்குக் கியர்ப் பல்லைப் பற்றிக் கவலையில்லை என்று ஐயா சொன்னது இப்போது பழமொழி ஆகிவிட்டது. சர்வதேசப் பந்தயங்களில் சைக்கிளின் எடை 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று விதி இருக்கிறது. சக்கரத்தில் கால் கிலோவைக் குறைக்கப் பெரும் பணம் செலவழித்த ஒருவர், கோவளத்தில் நெய் வழியும் பொங்கலுக்கு இரண்டாம் முறை கை நீட்டும்போது, அந்த விதி சைக்கிளுக்கு மட்டுமா ஓட்டுகிறவருக்கும் உண்டா என்று ஐயா வெகு அக்கறையாக விசாரிப்பார்.

கடைசியாக வருபவருக்கு ‘எல்.வி.’ என்று பெயர் வைத்ததும் அவர்தான். பிரான்சு நாட்டுச் சுற்றுப்போட்டியில் கடைசி இடத்தில் இருப்பவரைச் சிவப்பு விளக்கு என்பார்கள், அது ரயிலின் கடைசிப் பெட்டியில் தொங்கும் விளக்கிலிருந்து வந்த வழக்கம் என்று நான் ஒருமுறை சொன்னேன். ரயில் பெட்டி செய்தவரிடம் ரயிலைப் பற்றிச் சொன்னால் சும்மா இருப்பாரா? நம் ரயில்களின் கடைசிப் பெட்டியில் எல்.வி., அதாவது ‘லாஸ்ட் வெஹிக்கிள்’, என்ற பலகை மாட்டியிருக்கும், நிலையத்தில் இருப்பவர் அதைக் கண்ணால் பார்த்தால்தான் வண்டி நடுவில் அறுந்துபோகாமல் முழுதாகக் கடந்தது என்று பொருள் என அவர் விளக்கினார். அன்று முதல் எல்.வி. வந்து சேரும்வரை யாரும் தேநீர் சொல்லக் கூடாது என்பது சட்டமாயிற்று. நெடுநாள் அந்தப் பலகை என் முதுகில்தான் இருந்தது. “எல்.வி. அக்கா வந்தாச்சு, டீ போடுங்க” என்று தம்பி கடைக்காரரிடம் கூவிய காலையில் மேடம் என்னும் விளி ஒழிந்தது, தேநீருக்குக் காசும் வாங்கத் தொடங்கினார்கள்.

பதிலுக்கு நானும் ஒரு சரக்கைக் கொடுத்திருக்கிறேன். தொடைப்பிடிப்பைப் பற்றி ஆளாளுக்குப் புலம்பிக்கொண்டிருந்த ஒரு நாளில், எங்கள் நாட்டுச் சைக்கிள் பந்தய வீரர் அசிசுல்ஹஸ்னி அவாங்கின் கதையைச் சொன்னேன். 2011இல் மான்செஸ்டரில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில், மரத்தளம் போட்ட ஓடுபாதையில் அவர் கீழே விழுந்தார்; ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீளமுள்ள மரச்சிராய் அவருடைய கெண்டைக்காலின் ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வந்தது. அந்தக் காலுடனேயே சைக்கிளில் ஏறி எல்லைக்கோட்டைத் தாண்டி மூன்றாவதாக வந்தார். பிறகு 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம், 2017இல் உலகப் பட்டம், டோக்கியோவில் வெள்ளி. நான் பெருமையாகச் சொல்லி முடித்ததும் கூட்டத்தில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு தம்பி, 2022இல் தில்லியில் நடந்த ஆசிய ஓடுபாதைச் சைக்கிள் போட்டியில் நம் ரொனால்டோ சிங் வெள்ளி வாங்கியதைச் சொல்லி நாட்டு மானத்தைக் காத்தான். ஆனால் கதை அதோடு நிற்கவில்லை. அடுத்த வாரம் எனக்கு முழங்கால் வலிக்கிறது என்று வாய் திறந்ததுமே, “சிராய் எவ்வளவு நீளம், அக்கா?” என்று நாலு பக்கமிருந்தும் கேள்வி வந்தது. இப்போது அது பொதுச் சொத்து. தூக்கமில்லை என்றாலும், மாமனார் வந்திருக்கிறார் என்றாலும், அலுவலகத்தில் விடுப்பு கிடைக்கவில்லை என்றாலும் பதில் அந்த ஒரே கேள்விதான். மேலக்கோட்டையூர் ஓடுபாதைக்குப் பயிற்சிக்குப் போன ஒரு காலையில், எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத பையன் ஒருவன் தன் நண்பனிடம் அதையே கேட்டதைக் காதால் கேட்டேன். மலேசியாவிலிருந்து நான் கொண்டுவந்த பொருட்களில் இவ்வளவு நன்றாக இங்கே செலாவணியானது வேறொன்றுமில்லை.

எல்லாவற்றையும் கேலி செய்கிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். விழுந்தவர் தாமே சிரித்துப் பேசும்வரை அந்த விழுகையைப் பற்றி ஒரு சொல் வராது. ஹெல்மெட் இல்லாமல் வந்தவரைப் பார்த்து யாரும் நகைச்சுவை செய்வதில்லை. திரும்பிப் போகச் சொல்வார்கள், அவ்வளவுதான். சனிக்கிழமை இரவு முழுவதும் விழித்திருந்துவிட்டு விடியலில் நகரத்துக்குத் திரும்பும் கார்கள் அந்தச் சாலையில் எப்படி வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். வேகத்தடைகளும் நாய்களும் தடுப்பு வேலிகளும் முன்னால் போகிறவரின் கைச்சைகையால் கடைசி ஆள் வரை கடத்தப்படும். அந்த நேரத்தில் வாயாடிகள் அனைவரும் ஊமைகள்.

அடுத்தது ஏலகிரி என்று முடிவாகியிருக்கிறது. ஒருவழியாக எனக்கு ஒரு மலை. அங்கே 14 கொண்டை ஊசி வளைவுகள், அவற்றுக்குத் தமிழ்ப் புலவர்களின் பெயர்களும் கடையெழு வள்ளல்களின் பெயர்களும் சூட்டியிருக்கிறார்கள். ஜோலார்ப்பேட்டை வரை ரயிலில் சைக்கிளைக் கொண்டுபோவதற்கான பொறுப்பை ஐயா எடுத்துக்கொண்டார். காரணங்கள் இப்போதே வந்து குவிகின்றன. என் பங்குக்கு நானும் முழங்காலைச் சொல்லி வைத்திருக்கிறேன். முல்லைக்குத் தேரைக் கொடுத்த பாரியின் பெயர்கொண்ட வளைவில், டோல்கேட் அண்ணன் தம் சைக்கிளை ஏதாவது ஒரு கொடிக்குக் கொடுத்துவிட்டுப் பேருந்தில் இறங்கி வந்துவிடுவார் என்று நான்தான் தொடங்கினேன். அவர் சற்றும் அசரவில்லை. பாரியின் தேருக்கு மாதத் தவணை பாக்கி இருக்கவில்லை, என் சைக்கிளுக்கு இன்னும் இருக்கிறது என்றார்.