பனிச்சாலைப் பயிற்சியில் நான் கற்றவை

பனிக்காலச் சாலைகளுக்கென நடத்தப்படும் ஓட்டுநர் பயிற்சியில் சேர்ந்தபோது, சறுக்கும் வண்டியை மீட்டெடுக்கும் வித்தையைக் கற்கப்போகிறோம் என்றுதான் எண்ணியிருந்தேன். அதையும் கற்றுத்தந்தார்கள். ஆனால் என் ஓட்டும் முறையை மாற்றியது வேறொன்று: பிரேக்கை மிதித்த பிறகும் வண்டி எவ்வளவு தூரம் போகும் என்பதை உடம்பால் உணர்ந்தது. முதன்முறையாகப் பனியில் ஓட்டப்போகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பாடம் டயரிலிருந்து தொடங்கியது. பயிற்றுநர் ஒவ்வொரு வண்டியின் அருகிலும் குனிந்து டயரின் பக்கவாட்டைப் பார்த்தார். மூன்று சிகரமுள்ள மலை, அதற்குள் ஒரு பனித்துகள் என்ற குறி இருந்தால், அந்த டயர் பனியில் சோதிக்கப்பட்டுத் தேறியது என்று பொருள். 'எம்+எஸ்' (சேறும் பனியும் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற எழுத்துகள் மட்டும் இருப்பது அதற்கு ஈடாகாது. வெப்பநிலை 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்க இறங்கக் கோடைக்கால டயரின் ரப்பர் இறுகிப் பிடிமானத்தை இழக்கிறது. அதனால் முதல் பனி விழும் வரை காத்திருக்காமல், குளிர் தொடங்கும்போதே டயரை மாற்றிவிட வேண்டும். நான்கு சக்கரங்களுக்கும் ஒரே வகை டயர் வேண்டும். முன்சக்கரங்களுக்கு மட்டும் மாற்றினால், வளைவில் வண்டியின் பின்பகுதி விலகிச் சுழன்றுவிடும். நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டி வைத்திருந்தவர்களிடம் பயிற்றுநர் சொன்னார்: "அது புறப்பட உதவும். நிற்க உதவாது."

பிறகு சறுக்குத் தளத்துக்குப் போனோம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிவந்து, குறித்த இடத்தில் பிரேக்கை முழுவதுமாக மிதிக்க வேண்டும். உலர்ந்த தார்ச்சாலையில் இந்த வேகத்தில் வண்டி 12 மீட்டர் அளவில் நின்றுவிடும். இறுகிய பனியில் 50 மீட்டர் ஆகலாம். வழுக்கும் பனிக்கட்டியில் 100 மீட்டரை நெருங்கும். இவை பிரேக் பிடிக்கத் தொடங்கிய பிறகான தூரங்கள்; கண் பார்த்துக் கால் நகரும் ஒரு நொடிக்குள் வண்டி மேலும் 14 மீட்டர் போயிருக்கும். எண்களாகப் படித்தபோது எனக்கு எதுவும் தோன்றவில்லை. மிதியை அழுத்தியபடி, நிற்க வேண்டிய இடம் பக்கவாட்டில் கடந்துபோவதையும், அதற்கு அப்பாலும் வண்டி போய்க்கொண்டே இருப்பதையும் பார்த்தபோதுதான் வயிறு கலங்கியது. அடுத்து வேகத்தைப் பாதியாக்கச் சொன்னார்கள். நிற்கும் தூரம் பாதியாக அல்ல, ஏறக்குறைய நான்கில் ஒன்றாகக் குறைந்தது. பயிற்சிக் கட்டணம் முழுவதையும் இந்த ஒரு பாடத்துக்காகவே கொடுக்கலாம்.

ஏபிஎஸ் என்ற பூட்டுத்தடுப்பு பிரேக் அமைப்பு இயங்கும்போது மிதி காலுக்கடியில் அதிரும், கரகரவென்று சத்தம் வரும். அந்த அதிர்ச்சியில் காலை எடுத்துவிடுவதுதான் இயல்பு. எடுக்கக் கூடாது; விட்டுவிட்டு மிதிக்கவும் கூடாது; அழுத்திய கால் அழுத்தியபடியே இருக்க வேண்டும். ஏபிஎஸ்ஸின் முதன்மையான வேலை, சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் காத்து, பிரேக் பிடித்துக்கொண்டே ஸ்டீயரிங்கைத் திருப்ப வழி செய்வது. தளர்ந்த பனியில் அது நிற்கும் தூரத்தைக் கூட்டவும் செய்யும்.

சறுக்கல் இருவகை. முன்சக்கரங்கள் சறுக்கினால், ஸ்டீயரிங்கைத் திருப்பியும் வண்டி நேராகவே போகும். இன்னும் திருப்பத்தான் கை துடிக்கும். செய்ய வேண்டியது நேர்மாறு: ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கைச் சற்றுத் தளர்த்தி, டயர் மீண்டும் பிடிக்கும் வரை பொறுக்க வேண்டும். எனக்கு எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது இந்தப் பொறுமைதான். பின்சக்கரங்கள் விலகினால், போக வேண்டிய வழியைப் பார்த்து அந்தப் பக்கமே திருப்ப வேண்டும். வண்டி நேரானதும் உடனே ஸ்டீயரிங்கையும் நேராக்கிவிட வேண்டும். தாமதித்தால் பின்பகுதி மறுபக்கம் வீசியடிக்கும். "கூம்பைப் பார்க்காதீர்கள், கூம்புகளுக்கு இடையே உள்ள வழியைப் பாருங்கள்" என்று பயிற்றுநர் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். கண் போன பக்கம் கையும் போவதை நானே கண்டேன்.

இந்த இடத்தில் அவர் ஓர் எச்சரிக்கையும் தந்தார். நார்வேயில் 1980களில் நடந்த ஓர் ஆய்வில், சறுக்கல் பயிற்சி பெற்ற இளம் ஆண் ஓட்டுநர்களின் விபத்துகள் குறையவில்லை, கூடியிருந்தன. மீட்டுவிடலாம் என்ற துணிச்சல் வேகத்தைக் கூட்டிவிடுகிறது. பிடிமானம் எவ்வளவு எளிதில் போய்விடுகிறது என்பதை உணர்த்தவே அதிக நேரம் செலவிட்டதற்கு இதுவே காரணம் என்றார். அவர் செய்தது முற்றிலும் சரி என்பது என் கருத்து.

சாலையைப் படிப்பதும் ஒரு பாடம். கடுங்குளிரைவிடப் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டிய நாள்கள் ஆபத்தானவை; பனிக்கட்டியின் மேல் மெல்லிய நீர்ப்படலம் இருந்தால் அதைப்போல் வழுக்குவது வேறில்லை. பாலங்களின் அடியிலும் குளிர்காற்று வீசுவதால் அவை முதலில் உறைகின்றன. நிழல் விழும் வளைவுகளிலும் பனிக்கட்டி நெடுநேரம் கரையாமல் இருக்கும். சாலை ஈரமாகத் தெரிந்தும் முன்னால் போகும் வண்டியின் டயர்கள் நீரைத் தெறிக்கவில்லை என்றால், அது ஈரமன்று, பிளாக் ஐஸ்; அதாவது சாலையின் நிறமே தெரியும்படி படிந்த மெல்லிய பனிக்கட்டி. அங்கே காலை மெதுவாக எடுப்பதைத் தவிர வேறெதையும் திடீரென்று செய்யக் கூடாது. வேகத்தைத் தானாகவே ஒரே அளவில் வைத்திருக்கும் க்ரூஸ் கண்ட்ரோல் வேண்டாம். முன்வண்டிக்கும் நமக்கும் எட்டு முதல் பத்து நொடி இடைவெளி வேண்டும். நடுவில் யாராவது புகுந்தால் மீண்டும் பின்வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

மண்வாரி, மணல், போர்வை, டார்ச் ஆகியவற்றை வண்டியில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். பனியில் புதைந்து எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருக்க நேர்ந்தால், முதலில் இறங்கிப் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்ற வேண்டும். அது அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பனி தொடர்ந்து விழுந்தால் அவ்வப்போது இறங்கி மறுபடியும் அகற்றிவிட்டு வர வேண்டும்.