பின்படிக்கட்டின் சாவி

எங்கள் மருத்துவமனையில் 30 படுக்கைகள். தரைத்தளத்தில் ஓ.பி.யும் மருந்துக்கடையும், முதல் மாடியில் வார்டு, இரண்டாம் மாடியில் தியேட்டரும் ஆறு கட்டில் ஐ.சி.யு.வும். நான் அங்கே நிர்வாக மேலாளர். பெயர்தான் பெரிது. தண்ணீர் லாரிக்குப் போன் போடுவதில் தொடங்கி லைசென்ஸ் புதுப்பிப்பது வரை எல்லாம் என் தலையில்தான்.

2024 டிசம்பர் 12 இரவு திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்து ஆறு பேர் இறந்தார்கள். லிஃப்டுக்குள் சிக்கி மயங்கிக் கிடந்தவர்களும் அதில் உண்டு. மறுநாள் எங்கள் டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "நம்ம ஃபயர் லைசென்ஸ் எப்ப முடியுது?" என்று மட்டும் கேட்டார். முடிய இரண்டு மாதம் இருந்தது.

அதற்குமுன் புதுப்பித்தல் என்றால் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: சிவப்பு சிலிண்டர்களை ரீஃபில் செய்யக் கொடுப்பது, வாளிகளில் மணல் நிரப்புவது, மருத்துவமனைப் பதிவுக் கோப்பில் நகலைச் சொருகுவது. இந்தத் தடவை விண்ணப்பம் போடுவதற்கு முன்பே தீயணைப்பு நிலையத்துக்கு நேரில் போய், "சார், ஒரு தடவை வந்து பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்டேன். நிலைய அலுவலர் ஒரு மாதிரி பார்த்தார். மருத்துவமனைக்காரர்கள் யாரும் தாங்களாக வந்து அவரைக் கூப்பிட்டதில்லை போலிருக்கிறது.

வந்தவர் சிலிண்டரைப் பார்க்கவே இல்லை. நேராகப் பின்படிக்கட்டுக்குப் போனார். அங்கே கிரில் கதவு, அதில் பூட்டு.

"சாவி யார்கிட்ட?"

"வாட்ச்மேன்கிட்ட சார்."

"வாட்ச்மேன் எங்க?"

டீ குடிக்கப் போயிருந்தார். பூட்டு ஏன் என்று கேட்டபோது என்னால் பொய் சொல்ல முடியவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு குடும்பம் பில் கட்டாமல் அந்த வழியாகப் போய்விட்டது. அன்று போட்ட பூட்டு. அவர் திட்டவில்லை. "எவ்வளவு பில்லு?" என்றார். சொன்னேன். தலையை மட்டும் ஆட்டிவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த இடம் அதைவிட மோசம். முன்படிக்கட்டின் அடியில்தான் எங்கள் கரண்ட் பேனலும் யு.பி.எஸ். பேட்டரிகளும். மிச்ச இடத்தில் கிழிந்த மெத்தைகள், சலைன் பாட்டில் வந்த அட்டைப்பெட்டிகள். பற்றிக்கொண்டால் படிக்கட்டே புகைபோக்கி ஆகிவிடும் என்று அவர் காட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. இருக்கிற இரண்டு படிக்கட்டில் ஒன்றில் புகை, இன்னொன்றில் பூட்டு. 2011 டிசம்பரில் கொல்கத்தாவில் ஒரு பெரிய மருத்துவமனையில் சுமார் 90 பேர் இறந்ததைப் பற்றிச் சொன்னார். தீ பிடித்தது கார் நிறுத்த வேண்டிய கீழ்த்தளத்தில், அங்கே அடுக்கியிருந்த பொருள்களில். மாடியில் படுத்திருந்தவர்களில் பெரும்பாலானோரைக் கொன்றது புகைதான்.

சிலிண்டர் விஷயத்திலும் ஒன்று கற்றுக்கொண்டேன். பவுடர் சிலிண்டரில் முள் பச்சையில் நிற்கிறதா என்று பார்க்கலாம். கரண்ட் பேனலுக்கு வைக்கும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் அந்த மீட்டரே கிடையாது, எடை போட்டுத்தான் பார்க்கவேண்டும். எங்களுடையதை ஒருவரும் எடை போட்டதில்லை. போட்டோம். இரண்டில் ஒன்று வெறும் இரும்பு.

பேனலை வெளிச்சுவர்ப் பக்கம் தனி அறைக்கு மாற்ற ஐந்து வாரமும், டாக்டர் அந்த வருடம் வாங்குவதாக இருந்த ஸ்கேன் மெஷினுக்கான முன்பணமும் போயின. எலெக்ட்ரீஷியன் பழைய ஒயரைப் பிரித்தபோது ஐ.சி.யு. ஏ.சி. லைனில் ஒரு இணைப்பு கருகிப்போய் இருந்தது. வீட்டு ஏ.சி. இரவில் எட்டு மணி நேரம் ஓடும், ஐ.சி.யு. ஏ.சி.க்கு ஓய்வே கிடையாது. அந்தக் கருகிய துண்டை டாக்டரின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். அதற்குப் பிறகு அவர் ஸ்கேன் மெஷின் பேச்சை எடுக்கவில்லை.

ஐ.சி.யு.வில் ஆக்சிஜன்தான் பெரிய கவலை. அது தானாக எரியாது, ஆனால் எரிகிற எதையும் வெறிபிடித்ததுபோல் எரியவைக்கும். கசிந்த இடத்தில் போர்வையும் தலையணையும்கூட அதை ஊறவைத்துக்கொண்டு நிற்கும். 2024 நவம்பரில் ஜான்சியில் பச்சிளம் குழந்தைகள் பிரிவில் தீப்பிடித்து அன்றிரவே பத்துக் குழந்தைகள் இறந்த செய்தியை எங்கள் ஐ.சி.யு. சிஸ்டர் படித்திருந்தார். வார்டுக்கு வெளியே இருக்கும் ஆக்சிஜன் வால்வை யார் மூடுவது என்று நான் கேட்டேன். "மூடறது பெரிய விஷயமில்ல சார். அதுக்கு முன்னாடி வென்டிலேட்டர்ல இருக்கறவங்களுக்கு ஆம்பு பேக் யார் கையில இருக்குன்னு சொல்லுங்க" என்றார். வால்வை மூடினால் வென்டிலேட்டருக்குப் போகும் ஆக்சிஜனும் நின்றுவிடும்; ஆம்பு பேக் என்பது அப்போது கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை. நான் எழுதி வைத்திருந்த நடைமுறையில் அந்த வரியே இல்லை. அவர் சொல்லச் சொல்லத் திருத்தி எழுதினேன்.

பிறகு ஒத்திகை. நர்சிங் மாணவிகள் நான்கு பேரை ஐ.சி.யு. நோயாளிகளாகப் படுக்க வைத்தோம். லிஃப்டை அணைத்துவிட்டோம். போர்வையோடு தரையில் இறக்கி, இழுத்துக்கொண்டு போய்ப் படிக்கட்டில் இறக்கும் முறையைத் தீயணைப்பு வீரர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். 17 பேர் சேர்ந்து ஆறு நிமிடத்தில் நால்வரையும் கீழே கொண்டுவந்தோம். கைதட்டல், போட்டோ எல்லாம் ஆயிற்று. முதல் மாடியில் ஒரு பாட்டி மட்டும் நிஜமென்று நம்பி, மருமகளை விட்டுவிட்டு டிபன் கேரியரோடு வாசலுக்கு வந்து நின்றிருந்தார்.

நிலைய அலுவலர் கிளம்பும்போது கேட்டார்: "ராத்திரி ரெண்டு மணிக்கு இந்த 17 பேரும் இருப்பாங்களா?"

இருக்க மாட்டார்கள். இரவில் இரண்டு சிஸ்டர், ஒரு ட்யூட்டி டாக்டர், ஒரு வார்டு பாய், வாட்ச்மேன். அந்த வாரமே சனிக்கிழமை இரவு, அந்த ஐந்து பேரை மட்டும் வைத்து, அதே நான்கு மாணவிகளோடு திரும்பச் செய்தோம். 19 நிமிடம். மூன்றாவது ஆளை இறக்கும்போது வார்டு பாய் படியில் உட்கார்ந்துவிட்டான். இதில் நிஜ நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள ஒரு சிஸ்டர் மேலேயே நிற்க வேண்டும் என்பது நடுவில்தான் எங்களுக்கு ஞாபகம் வந்தது.

லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது. ரிசப்ஷன் சுவரில் மாட்டியிருக்கிறேன். இரவுக்குக் கூடுதலாக இரண்டு ஆள் கேட்டேன், ஒருவர் கிடைத்தார். இன்னொருவரின் சம்பளம் பற்றி மாதாமாதம் டாக்டருக்கும் எனக்கும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. என் பக்கம் இருக்கும் ஒரே கணக்கு அந்த 19 நிமிடம்தான். விடுவதாக இல்லை.

பின்படிக்கட்டில் பூட்டு போய், உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் கதவு வந்திருக்கிறது. பில் கவலைக்காக டாக்டர் கேட்டபடி, திறந்தால் மணி அடிக்கும் ஏற்பாடும் உண்டு. இதுவரை அது அடித்ததெல்லாம் பீடி குடிக்கப் போன அட்டெண்டர்களுக்குத்தான். வாட்ச்மேன் அண்ணன் ஒவ்வொரு தடவையும் எழுந்து ஓடிப்போய்ப் பார்க்கிறார்.